பலகையின் மூன்றாவது வரி

கூட்டாளி,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிந்து கீழே போகிறது. காலைத் தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதுவதற்குள் வெயில் முற்றத்தில் பாதித் தூரம் வந்துவிட்டது. வரி இப்படிக் கோணுவதற்கு வயது ஒரு காரணம். இன்னொரு காரணம், விரல்களில் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகத்தடியில் இருப்பது போகவில்லை. எழுத்து சரியாகத் தெரியட்டும் என்று கொப்பியை முகத்தருகே கொண்டுபோகும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறது. குளத்தில் படகுத்துறை திறந்த நாளில் உன் சட்டையில் வந்த அதே வாசனை.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். வாக்குப் போடும் நாளில் பெட்டியின் நிறத்தைப் பார்த்துச் சீட்டுப் போட்டவன், இன்று உனக்கு மடல் எழுதுகிறேன். நம்பமாட்டாய். நானே சில காலைகளில் நம்புவதில்லை. எழுந்ததும் சவர்க்காரக் கடதாசியை எடுத்து ஒரு தரம் வாசித்துப் பார்ப்பேன், இரவோடு இரவாக மறந்துபோயிருக்குமோ என்று. மறக்கவில்லை. பிறகு தெருவுக்குப் போவேன். பஸ்ஸின் நெற்றியில் 'குண்டசாலை' என்று போட்டிருக்கிறது. 'பேராதனை' என்று போட்டிருக்கிறது. இத்தனை வருடம் நடத்துனரிடம் கேட்டுக் கேட்டு ஏறிய பஸ், கேட்காமலே தன் ஊரைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது! நான் சத்தமாக வாசிக்கிறேன் என்று மகளுக்கு வெட்கம்.

"வாப்பா, மெல்ல வாசிங்க. ரோட்டால போறவங்க திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க."

"பாக்கட்டும் மகள். நானும் அவங்களத்தான் பாத்துட்டு ஈந்தேன் இவ்வளவு காலமும்."

இந்தச் சந்தோசத்தை முதலில் உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். உனக்கு மட்டுந்தான் சொல்ல முடியவில்லை. நீ மண்ணுக்குக் கீழே இருக்கிறாய் என்பதனால் மட்டும் அல்ல.

நம் இரண்டு பேரில் எழுத்து உனக்கு, தண்ணீர் எனக்கு என்று சின்ன வயதிலேயே பிரிந்துவிட்டது. உன்னை உன் வாப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். என்னை என் வாப்பா தோணியில் ஏற்றினார். கண்டிக் குளத்தில் பாசி அள்ளுவது எங்கள் வேலை. அள்ளிக்கொண்டிருக்கும்போது அக்கரையில் யாராவது கைதட்டினால் அவர்களை ஏற்றிக் கடைத்தெருப் பக்கம் இறக்கிவிடுவோம். காய்கறிக் கூடையோடு வரும் பெண்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், குளத்தைச் சுற்றி நடக்கக் கால் ஏலாதவர்கள். அந்தத் தண்ணீரில் தோணி என்றால் அந்த ஒன்றுதான். ஒரே மரத்தில் குடைந்தது. வாப்பா மௌத்தான பிறகு அது எனக்கு வந்தது.

நீ பெரியவனாகிக் கட்டுவேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஆனாய். தொப்பி வைத்தாய். ஆனாலும் என்னைக் கண்டால் கரையில் குந்தியிருந்து பேசாமல் போகமாட்டாய். எனக்கு ஏதாவது கடதாசி வந்தால் உன்னிடம் கொண்டுவருவேன். நீ வாசித்துச் சொல்வாய். எழுத வேண்டியதை எழுதித் தருவாய். நான் வெட்கப்பட்டால், நீ இருக்கும்போது எனக்கென்ன குறை என்பதுபோல் முதுகில் தட்டி ஒன்றுதான் சொல்வாய்: "நான் ஈக்கிறேன் தானே."

அந்தப் படகுச் சங்கத்துத் துரைமார் குளத்தில் துறை கட்ட ஆசைப்பட்ட வருடம் உனக்கு நினைவிருக்கும். ஆறு வெள்ளைப் படகுகள், அவை நிற்க ஒரு மரத்துறை, பக்கத்தில் ஒரு கொட்டகை. வேலையைப் பார்க்கும் பொறுப்பு உன்னுடையது. முதல் மூன்று தூண்களையும் நீ அடித்த இடத்தில் சேறு விழுங்கிக்கொண்டது. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்து நின்றன. இன்னொரு தூண் சாய்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கொந்துராத்துக்காரர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் தோணிக்கு வந்தாய்.

"மச்சான், எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல."

"ஏறு," என்றேன்.

மூன்று நாள் நீ என் தோணியில் குந்தியிருந்தாய். நான் மூங்கில் கழியை இறக்குவேன். அடியில் பட்டதும் மேல்நுனியைத் தாடை எலும்பில் வைத்து, இன்னொரு கையால் கழியைத் தட்டுவேன். சேறு என்றால் தாடைக்கு ஒன்றும் தெரியாது. கல் என்றால் பல்வரை அதிரும். வாப்பா காட்டித் தந்த முறை அது. அந்தக் குளம் ஒரு காலத்தில் வயலாக இருந்ததாம்; வயலின் நடுவே ஒரு கல்வரம்பு இன்னும் தண்ணீருக்கடியில் இருப்பது எனக்குத் தெரியும். அதைத் தேடித் தேடி, ஒவ்வோர் அடியாக, நான் சொன்னேன், நீ முழங்காலில் கடதாசியை வைத்துப் படமாகக் கீறினாய். ஆழத்துக்குக் கழியில் வெட்டியிருந்த அடையாளங்களைப் பார்த்து, "இதுதான் ஒன்ட கொப்பியா?" என்று சிரித்தாய். தூண்கள் அந்தக் கல்வரம்பில் ஏறி நின்றன. இன்றுவரை ஒரு விரல் அசையவில்லை.

உன் முகத்தில் இரத்தம் திரும்பியபோது நீ கேட்டாய்.

"ஒனக்கு என்ன வேணும், செல்லு."

"என்ட தோணி நிக்க ஓரிடம். வேற ஒண்டும் வாணாம்."

"அது ஒரு விஷயமா? ஆறு படகுக்கு ஆறு வளையம் வெக்கச் செல்லீக்கிறாங்க. ஏழாவது ஒண்ட நான் வெச்சுத் தாறேன். துறை வாசல்ல பலகை ஒண்டு வருது. அதுல ஒன்ட பேரும் வரும் பாரு."

ஏழாவது வளையத்தை நீ வைத்தாய். அதை நான் மறுக்கமாட்டேன். துறையின் கரைப் பக்கத்துக் கடைசித் தூணில், பலகைகளுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. இரும்பு வளையத்தை உன் கையாலேயே முறுக்கிப் பார்த்தாய்.

துறை திறந்த அன்று பலகையையும் மாட்டினார்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. மேலே இங்கிலீஷ், அதன் கீழே சிங்களம், அடியில் தமிழ். துரைமார் இங்கிலீஷைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், "தமிழ் முழுக்க என்ட கை" என்று பெருமையோடு சொன்னாய். நான் என் பெயர் எங்கே என்று கேட்டேன். நீ கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தாய். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு என் கையைப் பிடித்து, என் சுட்டுவிரலைத் தமிழில் மூன்றாவது வரியில் வைத்தாய்.

"இதுதான்."

என் மனைவி அடுத்த வெள்ளிக்கிழமை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்க்க வந்தாள். நீயும் அங்கே இருந்தாய்; அவளுக்கு நீ அண்ணன் முறை. அவள் வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணை ஓட்டிவிட்டு, "என்ன நானா, இவர்ட பேரு இவ்வளவு நீட்டா?" என்று கேட்டாள்.

நீ தடுமாறவே இல்லை. "வாப்பாட பேரும் ஊர்ப் பேரும் சேத்து எழுதீக்கி தங்கச்சி."

அன்று அவள் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள். கண்ணை மூடும்வரை அவளுக்கு அந்த வரிதான் என் பெயர்.

தோணியை மட்டும் துறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றாய். "இப்பக் கொஞ்ச நாளைக்கு மேல ஏத்தி வை மச்சான். தொரைமாரு புதுசா வந்தீக்கிறாங்க. எடமும் மட்டு. அடுத்த வருசம் துறையப் பெருசாக்குவாங்க." நான் ஏற்றி வைத்தேன். கரையில் மரத்தடியில். குடைந்த தோணியைத் தண்ணீருக்கு வெளியே விட்டால் வெடித்துவிடும் என்பது உனக்கும் தெரியும். தினமும் பின்னேரம் குளத்திலிருந்து வாளி வாளியாக அள்ளி அதற்குள் ஊற்றினேன். மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். தண்ணீரில் நிற்க வேண்டிய தோணிக்குள் தண்ணீரை நிற்க வைத்தேன். பார்ப்பவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாம் வருடம் என் மச்சினன் கடுகஸ்தோட்டையிலிருந்து வந்தான். ஆற்றில் ஆள் ஏற்ற ஒரு தோணி வேண்டும், நீயும் வா, இரண்டு பேரும் ஓட்டுவோம் என்றான். நான் அவனைக் கையைப் பிடித்துப் பலகைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரியைத் தடவிக் காட்டினேன். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. "பேரே போட்டீக்கிறாங்க. வளையமும் வெச்சீக்கிறாங்க. விட்டுட்டு எப்பிடி வாறது?" என்றேன். அவன் தனியாகப் போனான். மூன்றாம் வருடம் மழை தப்பிய மாதத்தில் தோணியின் அடிவயிறு முனைக்கு முனை வெடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கடைத்தெருவில் மூட்டை இறக்கினேன். அப்போதும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பலகைக்குப் போய் அந்த வரியை ஒரு தரம் தடவாமல் வீட்டுக்குப் போனதில்லை.

யாருக்கெல்லாம் காட்டினேன்! தபால் கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பின்னேரங்களில் குளத்தைச் சுற்றி நடப்பார். அவரையும் மறித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "வடிவான எழுத்து."

நான் வானத்தில் மிதந்தேன்.

கொஞ்ச நாளில் அவரே என்னைத் தேடி வந்தார். வேலை முடிந்த பிறகு நாலைந்து பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறேன், நீங்களும் வாங்கோ என்றார். உன்னிடம் கேட்டேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்ததை முதன்முதலாகப் பார்த்தேன். "இந்த வயசில ஒனக்கு என்னத்துக்கு எழுத்து? கண்ணு கெட்டுப் போகும். நான் ஈக்கிறேன் தானே." உன் பேச்சைக் கேட்டு நான் போகவில்லை.

மலேரியாக் காய்ச்சல் ஊரை அள்ளிய வருடம் உன்னையும் படுக்கையில் போட்டது. உன் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்தேன். நீ கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்னும் பலகைக்குப் போறியா?"

"ஒவ்வொரு வெள்ளியும்."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். காய்ச்சலின் வேகம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் உன்னைச் சுமந்துபோன சந்தூக்கின் முன்கால் என் தோளில் இருந்தது. வழியெல்லாம் அழுதேன். இனி எனக்கு யார் வாசித்துச் சொல்வார் என்றும் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

ஆகவேதான் யாழ்ப்பாணத்து ஐயாவிடம் போனேன். நீ இல்லை தானே.

ஒரு வருடம். அனா, ஆவன்னாவிலிருந்து. எழுத்துக் கூட்ட வந்ததும் நேராகப் பலகைக்குப் போக வேண்டும் என்று நின்றேன். ஐயா தடுத்துக்கொண்டே இருந்தார். "பலகை எங்கயும் ஓடாது. முதலில இந்தப் பாடத்தை முடியுங்கோ." பாடம் முடிந்தால் இன்னொரு பாடம் கொடுப்பார். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அவரிடம் சொல்லாமலே போய்விட்டேன். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், கூட்டாளி. என் பெயரை முதன்முதலாகச் சந்திக்கப் போகிறேன் அல்லவா?

முதல் வரி: அறிவித்தல். சுகமாக வந்தது. இரண்டாவது வரி: சங்கத்தின் அனுமதியின்றி எவரும் உள்ளே வரலாகாது. கொஞ்சம் திணறினேன். மூன்றாவது வரி மங்கிக் கிடந்தது. மற்ற வரிகளெல்லாம் வெள்ளையாக இருக்க, அது மட்டும் தேய்ந்திருந்தது. என் விரல்தான் தேய்த்திருக்கிறது, பத்து வருட வெள்ளிக்கிழமைகளாக. முகத்தைக் கிட்ட வைத்து, மிச்சமிருந்த கோடுகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். என் பெயரின் முதல் எழுத்தைத் தேடினேன். அது அந்த வரியில் எங்குமே இல்லை.

'சங்கத்தின் ஆறு படகுகளன்றி வேறு எந்தத் தோணியும் இங்கே கட்டலாகாது.'

எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். புது மாணவன், பிழை விட்டிருப்பேன் என்று திரும்பத் திரும்ப வாசித்தேன். நாலாவது வரியையும் வாசித்தேன், ஒருவேளை நீ வரியை மாற்றிக் காட்டியிருப்பாயோ என்று. அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று இருந்தது.

வேறு எந்தத் தோணியும். அந்தக் குளத்தில் வேறு தோணி ஏது? என் தோணி ஒன்றுதான். ஆகையால் நீ என்னைத்தான் எழுதியிருக்கிறாய். பெயரை மட்டும் விட்டுவிட்டாய்.

ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்டைக்கு நீங்கள் அவ்வளவு சந்தோசமா நிண்டனீங்கள். சொல்ல எனக்கு வாய் வரேல்லை. எழுத்து வடிவு எண்டது பொய்யில்லை." அவரை மன்னித்துவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் தெருவில் நின்று என்ன சொல்ல முடியும்? நீ தெருவில் போன மனிதனா?

துரைமார் எழுதச் சொன்னார்கள், நீ எழுதினாய். அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். உனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். என் விரலை அங்கே ஏன் வைத்தாய்? உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கிழமை உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு கிழமை என்றே வை. பிறகு தோணியை வண்டியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோயிருப்பேன். தோணி இன்றைக்கும் தண்ணீரில் இருந்திருக்கும். வாளி வாளியாக நான் ஊற்றியதை நீ எத்தனை பின்னேரம் பக்கத்தில் நின்று பார்த்தாய்! ஒருநாள் நீயும் ஒரு வாளி தூக்கித் தந்தாயே, அது எப்படி உன்னால் முடிந்தது?

இதை இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நடந்தது. துறையைப் பெரிதாக்குகிறார்கள். நீ சொன்ன அடுத்த வருடம் கடைசியில் வந்துவிட்டது, இன்னும் இரண்டு வெள்ளைப் படகுகளுக்காக. புதுத் தூண்கள், புதுப் பலகைகள், எங்கும் தார். வாசல் பலகையைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்து ஒருவர் எழுத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து பூச்சு வேலை செய்கிறவர். மூன்றாவது வரியில் வந்து நின்றுவிட்டார். சுற்றிலும் பார்த்தார். நான்தான் இருந்தேன்.

"நானா, இந்த வரி தேஞ்சு போயிருக்குங்க. ஆறுங்கிறத எட்டாக்கச் சொன்னாங்க. ஆறு எங்க இருக்குன்னே தெரியல. என்னா எழுதியிருந்திச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

என் பெயர் தொண்டைவரை வந்தது, கூட்டாளி. அந்த வரியில் இடம் தாராளம். வாப்பாவின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்தால் சரியாக நிரம்பும், நீ சொன்ன மாதிரியே. இனி அந்தப் பலகை கெடும்வரை அது என் பெயராகவே இருக்கும். துரைமாருக்குத் தமிழ் தெரியாது. யார் கேட்கப் போகிறார்கள்?

அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நின்றார். நான் என்ன சொன்னாலும் எழுதியிருப்பார். அன்று உன் முன்னால் நான் அப்படித்தான் நின்றிருப்பேன் என்று அப்போது தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ எப்படிச் சொன்னாயோ, எனக்கு வரவில்லை.

குனிந்து விரலை வைத்து வாசித்தேன். "சங்கத்தின்... ஆறு, அத எட்டாக்குங்க... படகுகளன்றி... வேறு எந்தத் தோணியும்... இங்கே கட்டலாகாது." இன்னொரு மனிதனுக்கு நான் வாசித்துக் கொடுத்த முதல் வரி அதுதான். ஓரெழுத்துப் பிழையில்லை. அவர் அப்படியே பூசி முடித்தார்.

"நல்லா வாசிக்கிறீங்களே நானா! எங்க படிச்சீங்க?"

அந்தக் கேள்விக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இல்லை என்று சொன்னால் அது பொய். "தூரிகையக் கொஞ்சம் தாறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பயந்துவிட்டார். "பலகையில வேணாங்க. தொர கண்டா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாரு."

"பலகையில இல்ல. வாங்க."

படிகளில் இறங்கி முழங்கால் தண்ணீரில் கடைசித் தூணுக்குப் போனேன். "வழுக்குமுங்க, புடிச்சிக்கிறேன்" என்று அவர் பூச்சுத் தகரத்தோடு இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். உன் ஏழாவது வளையம் அங்கேதான் இருக்கிறது. மற்ற ஆறும் கயிறு உராய்ந்து பளபளக்கின்றன. இது துருப்பிடித்துப்போய், ஒரு நாளும் கயிறு காணாமல் நிற்கிறது. அதற்கு மேலே, பலகைகளின் நிழலில், என் பெயரை எழுதினேன். பெயர் மட்டும். ஊர் வேண்டாம். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் தூணைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது. மேலே நடக்கிறவர்களுக்கு அது தெரியாது. வெள்ளைப் படகில் உயர்ந்த பலகையில் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் தெரியாது. அதை வாசிக்க வேண்டுமென்றால் தண்ணீரோடு தண்ணீராகப் போகும் ஒரு தோணியில்தான் வர வேண்டும்.

தகரத்தில் இன்னும் பூச்சு இருந்தது. உன் பெயரும் எனக்கு எழுதத் தெரியும். எழுதவில்லை.

பழைய மூங்கில் கழியைப் பாதியாக வெட்டி ஊன்றுகோலாக வைத்திருக்கிறேன். அடையாளங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. அதை ஊன்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் கபுரடிக்கு வருவேன். இந்தக் கொப்பியை அங்கே உட்கார்ந்து முழுவதும் வாசிப்பேன். சத்தமாக, திக்கித் திக்கி, ஒரு வரியும் மாற்றாமல். பூச்சுக் காய்ந்ததா, தண்ணீர் அழித்துவிட்டதா என்று பார்த்து வந்து அடுத்த கிழமை மறுபடியும் எழுதுவேன். கோபம் தீரும்வரை எழுத வேண்டும்; எழுத்து இப்போதுதானே வந்திருக்கிறது, மெல்லத்தான் தீரும்.

உனக்கு வாசித்துச் சொல்ல ஆளில்லையே என்று யோசிக்காதே.

நான் ஈக்கிறேன் தானே.